திரும்பி வந்த மசோதாவும் ஒரு குப்பத்தின் மறுசொல்லும்

சென்ற மாதம் ஒரு காலையில் நித்யாவிடமிருந்து தொலைபேசி வந்தது. பேரவைச் செயலகத்தில் நான் ஓய்வு பெற்ற பிரிவில் இப்போது பிரிவு அலுவலராக இருப்பவர். நலம் விசாரித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"மேடம், ஒரு பில் கவர்னர்கிட்டேருந்து திரும்பி வந்திருக்கு. இதுக்குப் புது ஃபைல் போடணுமா, பழைய ஃபைலையே எடுக்கணுமா? இங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கம்ப்யூட்டர் புது நம்பர்தான் கேக்குது."

"கம்ப்யூட்டர் கேக்கும்மா. அது அரசமைப்புச் சட்டம் படிக்கல. பழைய ஃபைலையே எடு."

"ஏன் மேடம்?"

என் பணிக்காலம் முழுவதும் ஒரு கோப்பு எண்ணைப் பற்றி 'ஏன்' என்று கேட்டவர் எவருமில்லை. அந்த ஒரு சொல்லுக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். ஓய்வூதியர் மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று சங்கத்தாரும் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். மைக் உடைந்த கதையும் வேட்டி கிழிந்த கதையும் எழுதுவேன் என்று அவர்கள் நம்புகிறார்கள். அவையெல்லாம் தொலைக்காட்சியிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. நான் எழுதப்போவது ஒரு கோப்பைப் பழைய எண்ணிலேயே வைத்திருந்ததைப் பற்றி.

நான் செங்கல்பட்டுக்காரி. வீட்டில் நிலம் இருந்தது, நெல் இருந்தது, எனக்கு மட்டும் படிப்பு இருந்தது. தமிழில் எம்.ஏ., பிறகு பி.எல். தேர்வு எழுதி உதவிப் பிரிவு அலுவலராகச் சேர்ந்தேன். மின்சார ரயிலில் உட்கார இடம் பிடிப்பது, பேரவைத் தலைவருக்குக் குறிப்பு எழுதும்போது 'நான்' என்ற சொல்லைத் தவிர்ப்பது, உறுப்பினர் கத்தும்போது முகத்தைச் சுவர்போல வைத்துக்கொள்வது ஆகிய மூன்றும் முதல் வருடங்களில் கற்ற வித்தைகள். மற்றதெல்லாம் விதிப்புத்தகத்தில் இருந்தது. 'சட்டமன்றத்தில் வேலை' என்றால் உறவினர்கள் என்னைக் கொண்டு இடமாற்றமும் எரிவாயு இணைப்பும் வாங்கிவிடலாம் என்று நினைத்தார்கள். சட்டமுன்வடிவுகள் பிரிவில் ஒரு காற்புள்ளியை இடமாற்றவே ஏழு கையெழுத்து வேண்டும் என்று சொன்னால், எனக்கு உதவ மனமில்லை என்று முடிவு கட்டினார்கள்.

அங்கே எனக்கு மேலே செயலாளராக இருந்தவர் பட்டாபிராமன் சார். எதைப் பற்றியும் அவர் கருத்துச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஒருவர் வந்து சந்தேகம் கேட்டால் பதில் பேசமாட்டார். அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுப்பார், பக்கத்தைப் புரட்டுவார், கேட்டவர் படிக்க வாகாக மேசைமேல் அதைச் சுழற்றி வைப்பார். "படிங்க" என்பார். மனத்துக்குள் படித்தால் ஒத்துக்கொள்ளமாட்டார். "சத்தமா." அமைச்சரானாலும் அப்படித்தான். படித்து முடித்து, "அப்போ சரிங்க" என்று எழுந்திருப்பவரைக் கையமர்த்தி உட்காரவைத்து, "இன்னொரு தடவை" என்பார்.

ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். எதற்கு சார் இரண்டு தடவை?

"முதல் தடவை நமக்கு வேணும்கிறதைப் படிப்போம்மா. ரெண்டாவது தடவைதான் அதுல இருக்கிறதைப் படிப்போம்."

அவர் சொந்தமாகச் சொல்லி நான் கேட்ட கருத்து அநேகமாக இது ஒன்றுதான். சொன்ன பிறகு கொஞ்சம் வருத்தப்பட்டவர்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இனி அந்த மசோதா. கடலோரக் குப்பங்களில் படகு ஏற்றுகிற, வலை உலர்த்துகிற, கருவாடு காயவைக்கிற மணல் எவர் பெயரிலும் இருக்காது. ஊரே புழங்கும், பட்டா கேட்டால் யாரிடமும் இருக்காது. பக்கத்து மனையை விடுதி கட்ட வாங்குகிறவருக்கு, அந்த மணலும் தம் மனையோடு சேர்ந்ததாகத் தோன்ற ஆரம்பிக்கும். அப்படித் தோன்றாமல் இருக்க வந்ததுதான் எங்கள் மசோதா. பொதுமணலை அந்தந்தக் குப்பத்தின் பயன்பாட்டு நிலமாகப் பதியவேண்டும், அதை விற்கவோ வேலியிடவோ எவருக்கும் உரிமையில்லை என்பது அதன் சாரம். பேரவையில் நிறைவேறியது.

எங்கள் தொகுதி உறுப்பினர் எஸ்தர், கருங்குழிப் பக்கம் கூலிக்கு நடவு நட்ட குடும்பத்தில் பிறந்தவர், பள்ளி ஆசிரியையாக இருந்து முதல்முறை பேரவைக்கு வந்தவர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். பணியில் இருந்தபோதே அது எனக்குத் தேவைப்பட்டதில்லை. மசோதா நிறைவேறிய அன்று மாலையே அவர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்குப் போனார். குப்பத்தின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த வாரமே மனை பார்க்க வண்டி வரும். மீன் ஏலக் கொட்டகையின் சிமெண்டு மேடையில் ஏறி, "சட்டம் வந்தாச்சு! இனிமே இந்த மணல் உங்களுது!" என்று சொல்லிவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதால் காரில் ஏறிப் போய்விட்டார். குப்பத்தார் வெடி வெடித்தார்கள்.

வெடித்ததோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்து மனையை வாங்கி மணலையும் வளைக்கப் பார்த்த விடுதிக்காரருக்கு எதிராகச் செங்கல்பட்டு நீதிமன்றத்தில் குப்பத்தார் ஒரு வழக்குப் போட்டு இடைக்காலத் தடையும் வாங்கி வைத்திருந்தார்கள். சட்டமே வந்தபின் வழக்கு எதற்கு, வாய்தாவுக்கு வாய்தா தொழிலைக் கெடுத்துக்கொண்டு அலைவதெதற்கு என்று அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். மறுபடி வழக்குப் போட அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பப் பெறவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அப்படி வாங்காவிட்டால் அதே காரணத்துக்காக இன்னொரு முறை நீதிமன்றப் படியேற முடியாது. தடை நீங்கியதும் விடுதிக்காரரின் கல்தூண்கள் வந்து இறங்கின. மணலில் வரிசையாக நட்டார்கள். மதில் கட்டுவதற்குக் கடலோர அனுமதி இன்னும் வரவேண்டியிருந்தது. ஆக, அவர்களுடைய அனுமதிக் கோப்பு ஒருபக்கம், எங்கள் மசோதாக் கோப்பு மறுபக்கம். எது முதலில் வருகிறதோ மணல் அதற்கு.

அந்த நேரத்தில்தான் ஆளுநரிடமிருந்து மசோதா திரும்பி வந்தது. கூடவே ஒரு செய்தி. செய்தி மரியாதையாகத்தான் எழுதப்பட்டிருந்தது. பயன்பாட்டு நிலத்துக்கு மசோதா தரும் விளக்கம் மத்திய அரசின் கடலோர விதிகளோடு உரசக்கூடும், பேரவை மறு ஆய்வு செய்யட்டும் என்றது.

எங்கள் பிரிவில் அதற்கு முன் யாரும் திரும்பி வந்த மசோதாவைக் கையில் எடுத்ததில்லை. வெளியூர் போன பிள்ளை விலாசம் சரியில்லையென்று திரும்பி வந்ததுபோல அதைச் சுற்றி நின்று பார்த்தோம். சம்பந்தப்பட்ட துறை ஒரு யோசனையோடு வந்தது. இதை இப்படியே விட்டுவிடலாம். செய்தியில் சொன்ன குறைகள் எதுவும் இல்லாமல், புதிதாக, இன்னும் நல்ல மசோதா ஒன்றை அழகாக எழுதிக் கொண்டுவரலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கே நன்றாக இருந்தது.

மறுநாள் எஸ்தர் செயலாளர் அறைக்கு வந்தார். முந்தின கோப்புகளோடு நான் உள்ளே இருந்தேன்.

"சார், புதுசா கொண்டுவர்றது நல்லதா, இதையே மறுபடி எடுக்கிறது நல்லதா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

பட்டாபி சார் அரசமைப்புச் சட்டத்தை எடுத்தார். இருநூறாவது உறுப்பைப் பிரித்துச் சுழற்றி வைத்தார்.

"படிங்க மேடம். சத்தமா."

ஆசிரியைக்கு வாசிப்பு சொல்லித் தரவேண்டியதில்லை. கணீரென்று படித்தார். ஆளுநர் ஏற்பிசைவு தரலாம், நிறுத்தி வைக்கலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம், செய்தியோடு பேரவைக்குத் திருப்பி அனுப்பலாம். அப்படித் திரும்பி வந்ததைப் பேரவை மறு ஆய்வு செய்து, திருத்தியோ திருத்தாமலோ மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால், ஆளுநர் அதற்கு ஏற்பிசைவை மறுத்தலாகாது.

"இன்னொரு தடவை."

இரண்டாவது முறை படிக்கும்போது முதல் வரியிலேயே எஸ்தரின் குரல் இறங்கிப்போனது. மசோதா பேரவையில் நிறைவேறியபின் என்ன ஆகும் என்று சொல்லும் வரி அது. பாதியில் நிறுத்திவிட்டார்.

"சார், அப்போ அன்னிக்கு அது சட்டமே இல்லையா?"

பட்டாபி சார் புத்தகத்தை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

"நான் சட்டம் வந்தாச்சுன்னு மேடையேறிச் சொல்லிட்டேனே. அவங்க அதை நம்பிக் கேஸை வாபஸ் வாங்கிட்டாங்களே சார்."

உறுப்பினர்கள் இந்த மாதிரித் தருணங்களில் என்ன செய்வார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு நீண்ட அனுபவப் பட்டியல் உண்டு: பத்திரிகைக்காரர் தவறாகப் போட்டுவிட்டார் என்பார்கள், உதவியாளரைத் திட்டுவார்கள், மத்திய அரசு என்பார்கள், தண்ணீர் கேட்பார்கள். எஸ்தர் மீண்டும் முதல் வரியிலிருந்து தொடங்கி, கடைசிவரை படித்து முடித்தார். பிறகு எழுந்தார்.

"அவங்ககிட்ட போய்ச் சொல்லணும் சார். எதை எப்படிச் செய்யறதுன்னு அதுக்கப்புறம் பார்க்கலாம்."

வெளியே வந்ததும் என்னிடம், "நீங்க செங்கல்பட்டுதானே? என் ஓட்டர்தானே? ஞாயித்துக்கிழமை வாங்க. நான் ஏதாவது தப்பாச் சொன்னா அப்புறமாவது சொல்லுங்க" என்றார். அரசு ஊழியர் இப்படிப் போகலாமா என்று நடத்தை விதிகளைப் புரட்டினேன். வாக்காளர் தம் உறுப்பினர் பேசுவதைக் கேட்கக் கூடாது என்று எங்கும் இல்லை. இருந்தாலும் செயலாளரிடம் சொன்னேன். ஆச்சரியமாக, அந்த முறை அவர் புத்தகத்தை எடுக்கவில்லை.

"போங்க. பேசாதீங்க. கேளுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை குப்பத்தில் யாரும் கடலுக்குப் போகவில்லை. ஃபைபர் படகுகள் மணலில் ஏறியிருந்தன. ஏலக் கொட்டகையைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருந்தது. கொட்டகைக்குப் பின்னால் கல்தூண் வரிசை. எஸ்தரின் கட்சிக்காரர் ஒருவர் வழியெல்லாம் அவர் காதில் ஓதிக்கொண்டே வந்தார்: "திரும்பி வந்துடுச்சுன்னு சொல்லாதீங்கக்கா. பரிசீலனையில கீதுன்னு சொல்லிடுங்க. பொய்யில்லையே." நல்ல சொல்தான் 'பரிசீலனை'. என் சம்பளத்தின் பெரும்பகுதியை அந்தச் சொல்தான் சம்பாதித்துக் கொடுத்தது.

எஸ்தர் மணலில் நின்றபடியே பேச்சைத் தொடங்கப் போனார். ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் ஏழுமலை கையைக் காட்டி நிறுத்தினார்.

"அங்க இல்லம்மா. அன்னிக்கு மேடை மேல நின்னு சொன்னே. அதே எடத்துல ஏறிச் சொல்லு. செருப்ப வுட்டுட்டு ஏறு."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு. சட்டசபையில பாஸாச்சு, அவ்வளவுதான். சட்டம் ஆகல. கவர்னர் கையெழுத்துப் போட்டாத்தான் சட்டம். அவர் போடாம திருப்பி அனுப்பிட்டாரு. தெரியாம சொல்லிட்டேன். தெரிஞ்சுக்கிட்டு சொல்லியிருக்கணும்."

பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர்: "அப்போ நாங்க வெடிச்ச வெடியெல்லாம் இன்னாத்துக்கு?"

"உன் கல்யாணத்துக்குப் பத்தரமா வெச்சிருக்கலாம் மச்சான்" என்றது இன்னொரு குரல். சிரிப்பு எழுந்து சட்டென்று அடங்கியது.

ஏழுமலை சிரிக்கவில்லை. "வெடி போவுட்டும். கேசுக்கு இன்னா பதிலு? திருப்பிப் போட முடியாதுன்னு வக்கீல் சொல்றாரு. உன் சொல்ல நம்பித்தானே வாபஸ் வாங்கனோம்? இத்தோ தூணு நட்டுட்டான். நாளைக்கு மதில் வெச்சான்னா இந்தக் கன்னியம்மா எங்க போயி கருவாடு போடும்?"

கன்னியம்மா முன்வரிசையில் இருந்தார். தூண் வரிசை அவர் நெத்திலி காயவைக்கும் இடத்தின் நடுவே போகிறது. மதில் வந்தால் தார் ரோட்டில்தான் காயவைக்கவேண்டும். அங்கே லாரி ஏறும். கணவர் படகிலிருந்து விழுந்து இடுப்பொடிந்த பின் அந்தக் கருவாட்டில்தான் வீடு நடக்கிறது. இதெல்லாம் பக்கத்தில் இருந்த பெண்கள் எனக்கு மெல்லிய குரலில் சொன்னவை. அவர் எழுந்தார். எஸ்தரை ஒரு பிடி பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஏழுமலை பக்கம் திரும்பினார்.

"அந்தம்மாவ இன்னாத்துக்கு அண்ணாத்த கேக்கறே? ஒருவாட்டி சொல்லிச்சு, கார்ல ஏறிச்சு. மறுசொல் கேட்டியா நீ? கேக்காமயே கோர்ட்டுக்கு ஓடுனே. அத்த யார கேக்கறது?"

ஏழுமலை தலை குனிந்துகொண்டார். கூட்டம் முழுவதுமே குனிந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

மறுசொல் என்றால் என்னவென்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டேன். அந்தக் குப்பத்து வழக்கம் அது. எந்தப் பெரிய முடிவானாலும், வெளியிலிருந்து யார் கொண்டுவந்த சேதியானாலும், ஒரு கூட்டத்தில் சொன்னால் அது காதில் விழுந்த பேச்சு மட்டும்தான். அடுத்த கூட்டத்தில், அதே ஆள், அதே இடத்தில், அதையே மறுபடி சொல்லவேண்டும். அதுதான் மறுசொல். அதற்குப் பிறகு அதை யாரும் இல்லையென்று சொல்லக் கூடாது; தலைவரும் கூடாது. அதற்கு முன் அதை நம்பி எவரும் எதுவும் செய்யக் கூடாது. சந்தோஷத்தில் எல்லாரும் மறந்துபோனது அந்த ஒரு முறைதான்.

எனக்கு இருநூறாவது உறுப்பு நினைவுக்கு வந்தது. சட்டக் கல்லூரியில் தேர்வுக்காகவும், பிறகு சம்பளத்துக்காகவும் நான் படித்த உறுப்பு அது. பெரிய அரண்மனைகளிலும் நாடாளுமன்றங்களிலும் யார் யாரோ சண்டையிட்டுக் கண்டெடுத்த ஏற்பாடு என்று எண்ணியிருந்தேன். அதன் உடன்பிறப்பு ஒன்று மீன் செதில் ஒட்டிய சிமெண்டு மேடைமேல் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தது.

எஸ்தர் மேடையை விட்டு இறங்கவில்லை. "இப்போ ரெண்டு வழி இருக்கு. கவர்னர் சொன்ன குறையெல்லாம் சரி பண்ணி, புதுசா, இன்னும் நல்லா ஒண்ணு எழுதிக் கொண்டுவரலாம்னு துறையில சொல்றாங்க. இல்லன்னா இதையே சபையில மறுபடி பாஸ் பண்ணி அனுப்பலாம். ரெண்டாவது வாட்டி அனுப்புனா அவர் மாட்டேன்னு சொல்லக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கு" என்றார்.

"புதுசா அனுப்புனா?" என்றார் கன்னியம்மா.

எஸ்தர் பதில் சொல்லத் தயங்கினார். நான் வாயைத் திறந்துவிட்டேன். பட்டாபி சார் முகம் நினைவுக்கு வந்தது. திறந்த வாயால் கொட்டாவி விட்டு மூடிக்கொண்டேன்.

கன்னியம்மா காத்திருக்கவில்லை. "வேற சொல்லு சொன்னா அது முதல் சொல்லு யம்மா. அதுக்கு அவுரு மறுபடியும் மாட்டேன்னு சொல்லலாம். அப்புறம் நீ மறுபடியும் வரணும். சொன்னத்தையே போயி சொல்லு. சொன்ன எடத்துலயே சொல்லு."

மேடைமேல் எஸ்தர் கைப்பையிலிருந்து இருநூறாவது உறுப்பின் நகலை எடுத்தார். யாரும் சொல்லாமலே சத்தமாகப் படித்தார். முடித்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். குழந்தைகள்கூட அசையவில்லை. ஏற்பிசைவு என்ற சொல்லை அந்த மணலில் அதற்கு முன் எவரும் உச்சரித்திருக்கமாட்டார்கள். "மறுத்தலாகாது" என்ற இடம் வந்தபோது கிழவர் ஒருவர் "ஆங்" என்றார். நான் கேட்ட சட்ட விளக்கவுரைகளில் சிறந்தது அந்த "ஆங்".

துறையின் யோசனையை விடுத்து, அதே மசோதாவை மறு ஆய்வுக்கு எடுக்கச் செய்ய எஸ்தர் யார் யாரிடம் நடந்தார் என்பது எனக்கு முழுதாகத் தெரியாது. ஆளுநர் எழுப்பிய கேள்விக்குப் பேரவையிலேயே பதில் சொல்வது, மசோதாவை மாற்றாமல் எடுத்துக்கொள்வது என்று முடிவாகி வந்தது. நான் பழைய கோப்பைப் பழைய எண்ணிலேயே திறந்தேன். புதுக் கோப்புப் போடச் சொல்லி ஒரு வாய்மொழி உத்தரவு வந்தது. எழுத்தில் கேட்டேன். எழுத்தில் வரவில்லை. அரசு நிர்வாகத்தின் அழகே அதுதான்.

மறு ஆய்வு நாளில் குப்பத்திலிருந்து சிலர் பார்வையாளர் மாடத்துக்கு வந்திருந்தார்கள். கன்னியம்மாவும் இருந்தார். கைதட்டக் கூடாது, பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது என்று காவலர்கள் வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். பேரவைத் தலைவர் ஆளுநரின் செய்தியைப் படித்தார். உறுப்பினர்கள் பேசினார்கள், எதிர்த்தும் பேசினார்கள், அதில் பாதி சரியாகவும் இருந்தது. எஸ்தர் குறைவாகவே பேசினார். பிறகு மசோதா வாக்குக்கு விடப்பட்டது.

"ஏற்போர் 'ஆம்' என்க."

"ஆம்."

எத்தனை ஆயிரம் 'ஆம்' கேட்டிருப்பேன்! தூக்கக் கலக்கத்தில் சொன்னவை, பக்கத்து இருக்கை சொல்லிற்று என்று சொன்னவை, எதற்கென்று தெரியாமல் சொன்னவை. அன்றைய 'ஆம்' அவற்றைவிட உரக்க ஒலித்ததா என்றால் இல்லை. ஆனால் அதே மசோதா, அதே எண், அதே கூடம், இரண்டாவது முறை. ஒரு கூட்டம் மனிதர்கள் சொன்னதையே திருப்பிச் சொன்னதும், நாட்டின் பெரிய பதவிகளில் ஒன்றுக்கு 'முடியாது' என்ற சொல் இல்லாமல் போகிறது. அதற்கு ஆயுதமில்லை, சத்தமில்லை, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் செயலாளர் மேசைக்குப் பின்னால் நின்று நடுங்கினேன். குளிர்சாதனம் அதிகம் என்று சக ஊழியர் சொன்னார். ஆமாம் என்றேன்.

வெளியே கன்னியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "இவ்ளோதானா? ஆமான்னாங்க, முடிஞ்சிபோச்சி?"

"இவ்வளவுதாம்மா."

"எங்க ஊர்லன்னா இதுக்குள்ள ரெண்டு சண்ட ஆயிருக்கும்."

"இங்கயும் ஆகும். நீங்க வந்திருக்கீங்கன்னு அடக்கமா இருந்தாங்க."

பேரவைத் தலைவர் கையொப்பமிட்ட பிரதிகள் மீண்டும் அனுப்பப்பட்டன. ஆனால் எத்தனை நாளுக்குள் என்று அந்த உறுப்பில் எண் எதுவும் இல்லை. அதைப் பற்றி நீதிமன்றங்களும் வழக்கறிஞர்களும் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள்; என் ஓய்வூதியம் அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கல்ல. காத்திருப்பு நீண்டது. அதற்கு நடுவே நான் ஓய்வு பெற்றேன். பட்டாபி சார் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுப் போய்விட்டிருந்தார். தம் பிரிவுபசார விழாவில் பேசச் சொன்னபோது விடுப்பு விதிகளில் ஒரு பக்கத்தைப் பிரித்து என்னிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்தவர் அவர்.

அந்த மாதங்களில் எஸ்தர் ஒரு காரியம் செய்தார். குப்பத்துக் கூட்டம் நடக்கும் ஒவ்வொரு முறையும் போய், செருப்பைக் கழற்றி, மேடையேறி, "இன்னும் வரல" என்று சொல்லிவிட்டு வருவார். ஓய்வு பெற்றபின் எனக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலையில்லை. நானும் மாமல்லபுரம் பேருந்து பிடித்துப் போவேன். "வரலன்னு சொல்றதுக்கா ஒரு எம்மெல்லே வண்டி எடுத்துகினு வரணும்? போன்ல சொல்லிட்டாப் போச்சு" என்று கட்சிக்காரர் அலுத்துக்கொள்வார். திறப்பு விழாவுக்கு ஓடிவரும் எத்தனையோ உறுப்பினர்களைப் பார்த்திருக்கிறேன். எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல நேரில் வந்து வெயிலில் நின்ற ஒருவரை அங்கேதான் பார்த்தேன். அவர் வருவதற்குள் கன்னியம்மா விடுதிக்காரரின் கல்தூண்களுக்கிடையே கயிறு கட்டி வாளை மீனைக் காயப்போட்டிருப்பார். "நல்லா ஸ்ட்ராங்கா நட்டிருக்கான்" என்று பாராட்டவும் செய்வார்.

ஒருநாள் ஏற்பிசைவு வந்தது. விடுதியின் கடலோர அனுமதி அப்போதும் வந்திருக்கவில்லை. அந்த ஓட்டத்தில் இரண்டு கோப்புகளுமே ஆமைகள். எங்கள் ஆமை ஒரு மூக்கு முந்தியது.

எஸ்தர் உடனே ஓடவில்லை. அரசிதழில் வரும்வரை பொறுத்திருந்தார். பிறகு அரசிதழோடு போய் மேடையேறினார். "கவர்னர் கையெழுத்துப் போட்டாரு. அரசிதழ்ல வந்துடுச்சு. இப்போ இது சட்டம்."

வெடியில்லை. கைதட்டல் இல்லை. ஏழுமலை மட்டும், "சரிம்மா. காதுல வுழுந்துச்சு. அடுத்த கூட்டத்துக்கு வா" என்றார்.

சட்டப்படி அந்த மணல் அன்றே அவர்களுடையது. ஆனால் அடுத்த கூட்டம்வரை அந்தத் தூண்களை ஒருவர்கூட அசைக்கவில்லை. கையில் வெற்றியை வைத்துக்கொண்டு ஒரு ஊர் முழுக்க அதைத் தொடாமல் இருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வாயடைத்துப்போகிறது.

அடுத்த கூட்டத்துக்குள் சட்டத்தை எதிர்த்து யாரோ உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டார்கள். தடை கிடைக்கவில்லை, வழக்கு மட்டும் விசாரணைக்கு ஏற்கப்பட்டிருந்தது. மறுசொல் நாளில் இதைச் சொல்லவேண்டாம், நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று கட்சிக்காரர் கெஞ்சினார்.

எஸ்தர் செருப்பைக் கழற்றினார். ஏறினார்.

"கவர்னர் கையெழுத்துப் போட்டாரு. அரசிதழ்ல வந்துடுச்சு. இப்போ இது சட்டம்."

ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. கொட்டகையைச் சுற்றி ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். ஏழுமலை எழுந்து மேடையை ஒருமுறை கையால் தொட்டார். கன்னியம்மா நெத்திலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் போனார்.

"இருங்க. இன்னொரு சேதி. இந்தச் சட்டம் செல்லாதுன்னு ஹைகோர்ட்டுல ஒரு கேஸ் போட்டிருக்காங்க. கோர்ட்டு தடை குடுக்கல. தீர்ப்பு வர்ற வரைக்கும் சட்டம் இருக்கும். தீர்ப்பு எப்படி வரும்னு எனக்குத் தெரியாது."

கன்னியம்மா கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு யோசித்தார்.

"சட்டம் மறுசொல்லாச்சு. அது எங்களுது. கேசு சேதி இப்போதானே சொல்றே? அது முதல் சொல்லுதான் யம்மா. அதுக்கு அடுத்த கூட்டத்துக்கு வா."

சொல்லிவிட்டு அவர் தூண் வரிசையைத் தாண்டிப் போய் மணலில் வலையை விரித்து நெத்திலியைக் கொட்டினார்.

எஸ்தர் மேடையிலிருந்து இறங்கி, சூடேறிய மணலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "வர்றேன்" என்றார்.